உட்சார்புக்கு விழுந்த இரண்டு ஓட்டு

அன்றைக்கு அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் காலை வேலை பார்த்துவிட்டு வரும் நண்பன், தண்டராம்பட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த இன்னொருவன். வராதவள் வேங்கிக்கால் தோழி. பௌர்ணமி என்பதால் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் புகுந்து வரவேண்டாம், ஒரு நாள் வீட்டிலேயே படி என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

பி.எஸ்சி. கடைசி வருஷம். எம்.எஸ்சி. கணிதத்தைப் பெரிய நிறுவனங்களில் படிக்க நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு. அதற்காகத்தான் பே கோபுரத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் தினமும் கூடினோம். கடை தண்டராம்பட்டுக்காரனின் மாமாவுடையது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். சென்னைக்குப் போய் கோச்சிங் சேர எங்களில் யாருக்கும் வழியில்லை. கல்லூரியிலும் இந்தத் தேர்வை எழுதியவர் என்று யாரும் இல்லை. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். காபிக் கடை நண்பன் வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால் அவனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. என்னை இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்கச் சொல்ல என் அப்பா தயாராக இருந்தார். அவனுடைய அப்பா பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு வேலைக்குப் போகவில்லை. சீட் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவனுக்கு இந்த ஒரு தடவைதான்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் நாங்களாக ஒரு முறையை வைத்துக்கொண்டோம். கணக்கை ஆளுக்கு ஆள் தனியாகப் போடுவது, விடை வேறுபட்டால் வாதாடுவது, வாதம் முடியவில்லை என்றால் கை தூக்கி ஓட்டெடுப்பது. ஓட்டில் ஜெயித்த விடையைப் பச்சை மையில் எழுதிவிட்டால் அதை மறுபடி கிளறக் கூடாது. கிளறினால் அன்றைய பொழுதே அதில் போய்விடும். கணக்கை ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில் இருந்த வேடிக்கை அப்போது எங்களுக்குப் படவில்லை. நாலு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

பௌர்ணமியன்று சிக்கிய கேள்வி சின்னதுதான். ஒன்றுக்கொன்றான ஒரு நேரியல் சார்பு, முப்பரிமாண வெளியிலிருந்து முப்பரிமாண வெளிக்கு 'இன்டூ' போகிறது. கீழ்க்கண்டவற்றில் எது சரி? முதல் விடை, அது மேல் சார்பு. கடைசி விடை, அப்படி ஒரு சார்பே இருக்க முடியாது.

மூன்று பேரும் அரசுப் பள்ளியில் தமிழில் கணக்குப் படித்தவர்கள். பத்தாம் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைப்பதாக வைத்துக்கொள். ஒரு நாற்காலியும் காலியாக இல்லையென்றால் மேல் சார்பு. ஒன்றாவது காலியாக மிஞ்சினால் உட்சார்பு. உட்சார்புக்கு இங்கிலீஷில் இன்டூ. பள்ளித் தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். கல்லூரியில் படித்த தேற்றமோ, இந்த மாதிரிச் சார்பில் ஒரு நாற்காலியும் மிஞ்சாது என்கிறது. மிஞ்ச வேண்டும், ஆனால் மிஞ்சாது. அப்படியானால் இது மடக்கும் கேள்வி, கடைசி விடைதான் சரி என்று நானும் தண்டராம்பட்டுக்காரனும் ஒரே மூச்சில் சொன்னோம்.

காபிக் கடை நண்பன் மட்டும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தான்.

"கடைக்கு வர்ற ஆசிரமத்து வெள்ளைக்காரங்க ரூமுக்குள்ள போறத இன்டூ தி ரூம்னுதான் சொல்றாங்க. ரூம்ல இடம் காலியா இருக்குதுன்னா அதுக்கு அர்த்தம்? உள்ள போறாங்க, அவ்ளோதான் மச்சான்."

"உன் காபிக் கட இங்கிலீஷ இங்க கொண்டாராதடா. அப்டி பாத்தா எங்க ஊர்ல இன்டூன்னா பெருக்கல்" என்றான் தண்டராம்பட்டுக்காரன்.

நான் சிரித்துவிட்டேன். நண்பனும் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம், அல்லது வராத தோழியிடம் கேட்டிருக்கலாம். அவள் வெளிநாட்டு ஆசிரியர்கள் எழுதிய தடித் தடிப் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துப் படிக்கிறவள். ஒரு முறை போன் போட்டுப் பார்த்தோம், பௌர்ணமிக் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை. ஓட்டெடுப்பு என்றோம். இரண்டுக்கு ஒன்று. பச்சை மையில் எழுதியது காபிக் கடை நண்பன்தான். அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். மறுநாள் அவள் வந்தபோது வேறு பாடம் ஆரம்பித்திருந்தோம். முடிந்ததைக் கிளறக் கூடாது அல்லவா.

தேர்வு வேலூரில். நால்வரும் ஒரே பஸ்ஸில் போனோம். கணினித் திரையில் அந்தக் கேள்வி, கொஞ்சம் வேறு உடுப்பில், வந்தே விட்டது. 'இன்டூ' மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பார்த்த உடனே கடைசி விடையைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்போது நான் அந்தக் கேள்வியைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தேன். முன் சீட்டிலிருந்து தோழி திரும்பிப் பார்த்தாள். அவள் முதல் விடையைப் போட்டிருந்தாள். அந்தத் தடிப் புத்தகங்களை எழுதியவர்கள் எல்லாருக்கும் இன்டூ என்றால் உள்ளே போவது மட்டும்தான், நாற்காலி மிஞ்சுமா மிஞ்சாதா என்று அந்தச் சொல் எதுவும் சொல்லாது என்றாள். உட்சார்பு என்று தனியாகப் பெயர் வைத்துப் பிரிப்பது நம் பள்ளிக்கூடத்து வழக்கம் போல என்றும் சொன்னாள். பிறகுதான் பௌர்ணமியன்று நாங்கள் ஓட்டெடுத்த கதையை அவளிடம் சொன்னேன்.

"நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாம்ல. ஒரு நாள்தான?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் சரியாகப் போட்டிருப்பான் என்று நினைத்தேன்.

"மொதல்ல ஏ-தான் போட்டேன். அப்புறம் மாத்திட்டேன்."

"ஏன்டா?"

"நாம ஓட்டு போட்டோம்ல" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

விடைக்குறிப்பு வெளியானபோது அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. அவளுக்குச் சீட் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, நானும் அதே தவறைத்தான் செய்தேன், ஆனால் அதைத் தாங்கிக்கொள்ள என்னிடம் மார்க் மிச்சம் இருந்தது. தண்டராம்பட்டுக்காரன் வெகு தூரத்தில் நின்றுவிட்டான், அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பி.எட். சேர்ந்தான். காபிக் கடை நண்பன் கட்-ஆஃபுக்கு இரண்டு மார்க் கீழே நின்றான். ஜூனில் கம்பெனிக்குப் போனான்.

எம்.எஸ்சி.க்கு இங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு பேராசிரியர் பலகையில் இன்டூ என்று எழுதி, அடுத்த வரியிலேயே ஆகவே மேல் சார்பு என்று எழுதினார். வகுப்பில் யாரும் தலைநிமிரவில்லை. எனக்கு மட்டும் பச்சை மையில் அவன் எழுதிய வரி கண்ணில் வந்தது. அந்தப் பௌர்ணமியன்று ஒரு கை, என் கை, கீழேயே இருந்திருந்தால் ஓட்டு சமமாக நின்றிருக்கும்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் பண்ணினான். நான் வழக்கம்போல அந்தக் கேள்வியில் போய் நின்றேன். அவன் பேச்சை மாற்றப் பார்த்தான், நான் விடவில்லை. கடைசியில் அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். சரியான விடைக்கு ரெண்டு மார்க்கு. தப்பானால் ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு பிடித்துக்கொள்வார்கள். ஆக ஆளுக்கு எட்டு பை மூணு போச்சு.

"மூணு பேருக்கும் சேத்தா பின்னமே வரல பாரு மச்சான். முழுசா எட்டு மார்க்கு."