ஆறு தந்தி, ஐந்து கோடு

வாத்தியம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் மாணவனுக்கு விரல் வலிப்பதற்கு முன்னால் வாத்தியாருக்கு வாய் வலிக்கும். பாட்டோ, டைப்ரைட்டிங்கோ, எதையாவது யாருக்காவது சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்கு இது புரியும்.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து நான் அரியலூருக்குத் திரும்பியபோது கையில் ஒரு கிதாரும், அதைச் சொல்லிக்கொடுத்த கோவாக்காரப் பேண்டு மாஸ்டர் தந்த நொட்டேஷன் புத்தகமும் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் ஐந்தைந்து கோடுகள், அவற்றின் மேல் கறுப்புப் புள்ளிகள்; புள்ளிக்கு ஒரு ஸ்வரம். ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, பலகையும் மாட்டிவிட்டேன். இந்த ஜில்லாவிலேயே முதல் கிதார் வகுப்பு! சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: புதுசா கத்துக்கிறவன் அந்தப் புள்ளியெல்லாம் படிச்சே ஆகணுமா?

டிராயிங் மாஸ்டர்

படித்தே ஆக வேண்டும் என்று நான் சொன்னதும் மனம் குளிர்ந்துபோனவர், பெரம்பலூர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சபாபதி. பஸ் ஏறி அவ்வளவு தூரம் வருவார். காதில் சொருகிய பென்சிலை எடுத்து, ஸ்கேல் வைக்காமலே ஐந்து கோடு இழுப்பார் பாருங்கள், அச்சடித்த புத்தகம் தோற்றது! எந்தப் புள்ளியைக் காட்டினாலும் பெயர் சொல்வார். எந்தத் தந்தி, கிதாரின் கழுத்தில் எந்தக் கட்டம் என்பதெல்லாம் மனப்பாடம்.

வாசிக்கச் சொன்னால்தான் வம்பு. ஒரு புள்ளியை வாசித்துவிட்டு அடுத்த புள்ளியை நிதானமாகப் பார்ப்பார், விரலைப் பார்ப்பார், மறுபடி புள்ளியைப் பார்ப்பார். அதற்குள் முதல் சத்தம் செத்து வெகுநேரம் ஆகியிருக்கும். கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றேன். "அவசரப்பட்டா கோடு கோணிக்கும் சார்."

தையற்காரர்

எதிர்க்கடைத் தையற்காரர் ரத்தினம் நேர் எதிர். நாடகக் கம்பெனி எது வந்து கொட்டகை போட்டாலும் ராஜா உடுப்பு, ராணி உடுப்பு எல்லாம் அவர் மெஷினில்தான். ஆனால் மனசெல்லாம் மேடைக்கு முன்னால் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் உட்காருகிற அந்தப் பாயில். சாவதற்குள் ஒரு தடவையாவது அங்கே உட்கார்ந்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

கிதாரைக் கையில் கொடுத்தேன். காலையில் கேட்ட பாட்டைச் சாயங்காலம் தடவித் தடவிக் கொண்டுவந்துவிட்டார்! எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. புத்தகத்தை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் மூடிவைத்துவிட்டார். "இது அளவுச் சீட்டு மாதிரி இருக்குங்க. ஆளே எதிர்ல நிக்கும்போது சீட்டு எதுக்குங்க?"

ஒத்துக்காரர் செய்த உபகாரம்

ஒருநாள் ரத்தினம் கிதாரை வீட்டுக்கு எடுத்துப்போனார். அங்கே அவருடைய மச்சான் இருந்தார். அவர் நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதுகிறவர், அதாவது கச்சேரி முழுக்க ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். ஆறு தந்தியும் ஆறு விதமாகப் பேசினால் அவர் காது பொறுக்குமா? எல்லாவற்றையும் முறுக்கி, தம்பூரா மாதிரி ஸ, ப, ஸ என்று சேர்த்துவிட்டார். ஏற்றிய வேகத்தில் ஒரு தந்தி அறுந்தும் போனது. என்னிடம் மிச்சமிருந்த ஒரே தந்தியைப் போட்டேன். இனி அறுந்தால் திருச்சிக்குத்தான் போக வேண்டும்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ரத்தினம் ஆறு தந்தியையும் ஒரு தடவை மீட்டினார். அடடா, அறையே கும்மென்று நிறைந்தது! அதில் அவர் விரல் இன்னும் சுதந்திரமாக ஓடியது. சபாபதிதான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். "புள்ளியெல்லாம் அங்கயேதான் இருக்கு சார், சத்தம்தான் வூடு மாறிப் போயிடுச்சு!"

அரைக் கட்டை

அந்த மாதமே ஒரு கம்பெனி வந்தது. அவர்களுடைய ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். உடுப்புக் கொடுக்கப் போன ரத்தினம் முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டே விட்டார். சாயங்கால ஒத்திகையில் வாசித்துக் காட்டு, பிடித்தால் அந்தப் பாயில் இடம் என்றார் முதலாளி. நானும் சபாபதியும் கூடவே ஓடினோம். ராஜபார்ட் நடிகருக்கு இரண்டு கட்டை சுருதி. மச்சான் சேர்த்துவைத்த கிதாரும் அச்சாக அதே இரண்டு கட்டையில் இருந்தது. முதல் பாட்டுப் பிரமாதம்! உற்சாகத்தில் ராஜபார்ட் கையைத் தூக்கினார். தொண்டை நன்றாக இருக்கிறது, சுருதியை அரைக் கட்டை ஏற்று என்றார்.

ரத்தினத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு தந்தியையும் மேலே ஏற்றினால் எது அறும் என்று யார் கண்டது? அப்போது சபாபதி, "எல்லாத்தையும் ஒரே ஒரு கட்டம் தள்ளணும், அவ்வளவுதானே?" என்று கேட்டபடி காதிலிருந்த பென்சிலை எடுத்து, முதல் கட்டத்தின் மேல் ஆறு தந்திக்கும் குறுக்கே அழுத்திப் பிடித்தார். ரத்தினம் சட்டைப் பையிலிருந்து பொத்தான் துளை தைக்கிற காஜா நூலை உருவி, பென்சிலைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். மீட்டினார். சுருதி கச்சிதமாக அரைக் கட்டை ஏறி நின்றது! நான் கொட்டகை என்பதையும் மறந்து துள்ளிக் குதித்துவிட்டேன். ராஜபார்ட் பாட, ரத்தினம் வாசிக்க, சபாபதி கடைசிவரை அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் முதலாளி பாயைத் தட்டிக் காட்டினார். "தையக்காரரே, உடுப்பை இனிமே வேற ஆளு தைக்கட்டும். நீங்க இங்க குந்துங்க."

புதிதாகக் கற்கிறவர் நொட்டேஷன் படிக்க வேண்டுமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், வரும்போது ஒரு பென்சிலும் கொஞ்சம் காஜா நூலும் கொண்டு வாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.