சந்தையில் காணாமல் போன ரத்தம்

நான் கால்நடை மருத்துவர். காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள்தான் என் பகுதி. அன்று காலை ஏரியை ஒட்டிய ஓர் ஊரில் கறவை மாடு ஒன்று திடீரென்று செத்துவிட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் உறையாத கறுப்பு ரத்தம் கசிந்திருந்தது. ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் என்று மனம் உடனே சொல்லிவிட்டது. மாட்டை அறுக்கவிடாமல், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் செய்தேன். அதற்கு முன் காது நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக் குழாயில் அடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டப்பாக்களில் மூடி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, தர்மபுரி ஆய்வகத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

அன்று காரிமங்கலத்தில் வாரச்சந்தை. வெயிலில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ஜூஸ் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெட்டியைக் கட்டியிருந்த கயிறு மட்டும் கேரியரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையில் ஐஸ் பையுடன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்.ஐ. முதலில் சாவகாசமாகத்தான் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“தபால்ல பொடியாப் போட்டு அனுப்பி ஆளக் கொல்லுவாங்களே, அந்தக் கிருமிங்களா மேடம்?”

“அதேதான் சார்.”

வெளிநாட்டுப் படைகள் ஆயுதமாக வளர்த்துப் பார்த்த கிருமி அது. நம் பக்கத்திலோ யாரும் வளர்க்காமலே மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். மழைக்குப் பிறகு மேயப் போகும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.

சந்தையின் எல்லா வழிகளையும் அடைத்து ஒவ்வொரு பையாகச் சோதிக்கலாம் என்றார் எஸ்.ஐ. “சனத்துக்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. ஒருத்தர ஒருத்தர் மிதிச்சிக்கிட்டு ஓடுவாங்க.”

எனக்கு வேறு பயம். போலீஸைப் பார்த்துவிட்டு அந்த ஆள் பெட்டியைக் கிணற்றில் வீசிவிட்டால்? கல்லில் போட்டு உடைத்துவிட்டால்?

“கையில என்ன வெச்சிருக்கோம்னே அவனுக்குத் தெரியாது சார். மொதல்ல அவனுக்குத்தான் சொல்லணும்.”

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “சரி, சொல்லுங்க. சனம் பயப்படாத மாதிரி சொல்லுங்க.”

சந்தையில் பாய் ஒருவர் வேனில் போர்வை விற்றுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும், விலை சொல்லிக்கொண்டிருந்த பதிவுக் குரலை நிறுத்திவிட்டு, மைக்கைத் தன் துண்டால் துடைத்துக் கொடுத்தார். வாங்கிப் பேசினேன்.

“நான் மாட்டு டாக்டர் பேசறேன். என் வண்டியில இருந்து ஒரு வெள்ளைப் பெட்டிய யாரோ எடுத்துட்டுப் போயிட்டீங்க. அதுல நோயில செத்த மாட்டு ரத்தம் இருக்கு. தெறக்காத வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்க மேல கேஸ் வராது, அதுக்கு நான் பொறுப்பு. எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க.”

என் நம்பரை இரண்டு தடவை சொன்னேன். யாரும் ஓடவில்லை. தக்காளிக் கூடைக்காரம்மா ஒருவர் தன் கூடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மற்றவர்களும் அவரவர் இடத்தைப் பார்த்தார்கள். பாய் டீ வாங்கி வந்து கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

டீ ஆறிப்போன பிறகு போன் அடித்தது.

“மேடம்… பெட்டிய நாந்தாங்க எடுத்தன்.” நடுத்தர வயது ஆண் குரல், மூச்சு வாங்கியது. “பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தனுங்க. மைக்குல கேட்டதும் ஒடம்பே வெலவெலத்துப் போச்சு. நாலு பேரு இருக்கற எடத்துல இத வெக்கக் கூடாதுன்னு ஏரிக்கரைக்கு நடந்து வந்துட்டங்க.”

“தெறந்தீங்களா?”

“மேல் மூடிய மட்டுங்க. உள்ள இருக்கற டப்பாவத் தொடல.”

“நல்லதுங்க. தள்ளி நில்லுங்க, வந்துட்டேன்.”

நான் ஸ்கூட்டரில் கிளம்ப, எஸ்.ஐ. ஜீப்பில் கூடவே வந்தார். ஆனால் அந்த ஆள் மிரளக் கூடாதென்று ஜீப்பை ஏரிக்கரைத் திருப்பத்திலேயே நிறுத்திக்கொண்டார். நான் மட்டும் நடந்து போனேன். பெட்டி ஒரு பாறையின் மேல் இருந்தது. அந்த ஆள் தூரத்தில் நின்று, அந்தப் பக்கம் வந்த ஆடுகளைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தார். கையுறை போட்டுக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தேன். டப்பாவின் சீல் அப்படியே இருந்தது. சோப்புக் கொடுத்து அவரைக் கை கழுவச் சொன்னேன்.

“எதுக்குங்க எடுத்தீங்க?”

“எம் மாடு காத்தாலருந்து நெருப்பாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு வந்தன், நீங்க இல்ல. சந்தையில உங்க வண்டியப் பாத்ததும், பெட்டியில ஊசி மருந்து இருக்கும்னு நெனச்சி எடுத்துட்டங்க.”

எனக்கு வேறொன்று உறைத்தது. “மாடு எங்க மேயுது?”

“இந்த ஏரியிலதாங்க.”

செத்த மாடு மேய்ந்ததும் இதே ஏரியில்தான். எஸ்.ஐ.யிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், கேஸ் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

“நீங்க இன்னும் புகாரே எழுதிக் குடுக்கலீங்களே,” என்றார். பெட்டியை ஜாக்கிரதையாக வாங்கி ஜீப்பில் வைத்துக்கொண்டார். “ஆய்வகத்துக்கு இத நான் கொண்டு போறன். நீங்க மாட்டப் போயிப் பாருங்க.”

அந்த மனிதரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பசு தலையைத் தரையில் போட்டுக் கிடந்தது. பென்சிலின் என் பையிலேயே இருந்தது. ஊசி போட்டேன். பாலைக் கறந்து யாரும் குடிக்கக் கூடாது என்றும், வீட்டிலுள்ள எல்லோரும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன்.

“பொழைக்குங்களா?” என்று அவர் மனைவி கேட்டார்.

“சீக்கிரம் பாத்துட்டோம். பொழைக்க வாய்ப்பு இருக்கு.”

மறுநாள் காலை நான் போனபோது பசு எழுந்து நின்றிருந்தது. தொட்டியில் முகத்தைவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, ஈரமூக்கோடு என்னை ஒரு தடவை பார்த்தது. அந்த அம்மா சிரித்தார், உடனே அழவும் அழுதார்.

அடைப்பான்தான் என்று ஆய்வகமும் உறுதிசெய்தது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லா மாடுகளுக்கும் தடுப்பூசி போட்டோம். முரட்டு மாடுகளைப் பிடித்துக்கொடுக்க, பெட்டியை எடுத்த அந்த மனிதரே ஊர் ஊராகக் கூட வந்தார். அதன் பிறகு அங்கே ஒரு மாடும் அந்த நோயில் சாகவில்லை, மனிதர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முன்பெல்லாம் மாடு செத்தால் ரகசியமாக அறுத்துக் கூறு போட்ட பிறகுதான் எனக்குச் செய்தி வரும். இப்போது கத்தியை எடுப்பதற்கு முன்பே போன் வருகிறது. போன வாரம்கூட ஒரு பெண் கூப்பிட்டு, “மாடு விழுந்துடுச்சுங்க. யாரையும் கிட்ட விடாம நிக்கறன், வாங்க,” என்றார்.