கிணற்றில் போட்ட உப்பு

எங்கள் கிணற்றில் குருவானவர் உப்புப் போட்டார். மந்திரித்த உப்பு. ஏற்கெனவே உப்பால் செத்துக்கொண்டிருந்த கிணறு அது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். சின்ன வெங்காயம், தக்காளி. மேட்டுப்பக்கம் ஒரு தோல் ஷாப், தோல் பதனிடுகிற இடம். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பைத் தடவி அடுக்குவார்கள், பிறகு கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? தண்ணீருக்குத் தெரிந்த ஒரே திசை பள்ளம். பள்ளத்தில் நாங்கள் இருந்தோம்.

தொண்ணூறுகளில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சோறு வடித்தோம். பிறகு பருப்பு வேக மறுத்தது. பிறகு சோப்பு நுரைக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்து, மழையும் சேர்ந்து ஏமாற்றிய வருடங்களில், கிணறு இறங்க இறங்கத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. வெங்காயத்தாள் நுனியிலிருந்து கருகியது, யாரோ ஒவ்வொன்றாகத் தீக்குச்சி வைத்துக்கொண்டு போனதுபோல.

பங்குக் கோயிலில் மழைக்காக ஒன்பது நாள் செபம் வைத்தார்கள். முன்வரிசையில் முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கியவர் தோல் ஷாப் முதலாளி. கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர். நல்ல குரல். எங்கள் பாவங்களைப் பார்த்து மழையை நிறுத்திவிடாதேயும் என்று அவர் உருகினார். யார் பாவம்? பொய் சொன்னது, புருஷனை எதிர்த்துப் பேசியது, வெள்ளிக்கிழமை கறி தின்றது, இதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கிணற்றைக் கொன்றேன் என்று சொல்ல அங்கே இடமே இருந்ததில்லை. படைத்தவரை ஞாயிற்றுக்கிழமை வாயாரப் பாடினோம். அவர் படைத்ததின்மேல் திங்கட்கிழமை காலையில் கழிவுத் தண்ணீர் மதகைத் திறந்துவிட்டோம். இப்போது பிரசங்கத்தில் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். கோயில் வாசலில் மரக்கன்று கொடுத்து ஃபோட்டோ எடுக்கிறார்கள். வானத்துக்கு வந்த கேட்டைப் பற்றிப் பேசுவது சுலபம். வானம் முன்வரிசையில் உட்காராது.

ஒன்பது நாளும் முடிந்தது, ஒரு தூறல் இல்லை. அப்பா குருவானவரைப் போய்க் கூப்பிட்டார். புதுக் கிணறு வெட்டினால் மந்திரித்த உப்பைப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். சாகிற கிணற்றுக்கும் போடலாம் என்று நினைத்துவிட்டார்.

"ஏம்ப்பா, உப்புத் தண்ணிக்கு உப்பா?" என்றேன்.

"அது கடை உப்பு இல்லத்தா. சாமி உப்பு."

"அது யாரு உப்புன்னு தண்ணிக்குத் தெரியுமாக்கும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

குருவானவர் பைக்கில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். நாற்றத்தில் அவர் முகம் ஒரு நொடி கோணியது. அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"மேல இருந்து என்ன வருதுன்னு பாத்தீங்கள்ல சாமி?"

"பாத்தேம்மா. செபம் பண்ணுவோம்."

உப்பு விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

அப்பா ஒரு வாரம் தினமும் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், துப்பினார். எட்டாம் நாள் ஒரு சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை முட்ட மொண்டு, வெள்ளைத் துணியால் மூடினார். "வாத்தா, முதலாளி வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்." சண்டைக்குப் போகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அப்பா சொம்பை டீப்பாயில் வைத்தார்.

"எங்க கெணத்துத் தண்ணிங்கய்யா. சாமி வந்து மந்திரிச்சுக் குடுத்தாரு. தேறிருக்கான்னு எனக்குப் பிடிபடல. நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்."

கேலி இல்லை. அப்பாவுக்குக் கேலி வராது.

முதலாளி துணியை விலக்கிப் பார்த்தார். அவர் மனைவி காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். குடித்தால் எங்கள் நாக்குக்குத் தெரிந்தது அவர் நாக்குக்கும் தெரிந்துவிடும். மறுத்தால் மந்திரித்த தண்ணீரை மறுத்தவர் ஆவார். குடி, குடி என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்தார். விரலைச் சொம்பில் நனைத்தார். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். மனைவியும் தட்டை வைத்துவிட்டு வந்து போட்டுக்கொண்டார்.

"ஒரு மழை பெஞ்சா எல்லாம் சரியாப் போகும் பெரியவரே. நானும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். காபியக் குடிங்க."

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் என்றாவது மன்னித்திருப்பேன்.

அப்பா காபியைக் குடித்தார். நான் தொடவில்லை. லாரியில் வந்த நல்ல தண்ணீரில் போட்ட காபி அது.

வெளியே வந்ததும், "கொட்டுப்பா அதை, எதுக்குச் சொமக்குற" என்று கத்தினேன்.

"மந்திரிச்ச தண்ணியக் கால் படுற எடத்துல கொட்டக் கூடாதுத்தா."

சாக்கடையிலும் கூடாது. செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அப்பா சிந்தாமல் தோட்டம் வரைக்கும் நடந்தார். வரப்போரம் ஒரு முருங்கை மட்டும் பச்சையாக நின்றது. அதன் அடியில் போய்க் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார்.

"இதுல ஊத்துனா இதுவும் செத்துப்போகும்ல?"

அப்பா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் படாத ஒரு இடத்தைத் தன் நிலத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்.