டிரம்முக்குள்ளிருந்து ரெண்டு தட்டு

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் நான் எலக்ட்ரீஷியன். அங்கே வெல்டர் ஒருத்தன், ஜோலார்பேட்டையிலிருந்து தினம் ரயிலேறி வருவான். என் தோஸ்த். அவனுக்குப் பொறுமை கம்மி, எனக்கு அதைவிடக் கம்மி.

தோலை ஊறப்போட்டு உருட்டுகிற மர டிரம் ஒரு ரூம் அளவுக்கு இருக்கும். உள்பக்கத்து இரும்புப் பட்டை அடிக்கடி விட்டுப்போகும். அப்போதெல்லாம் அவன் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்து பற்றவைப்பான். பக்கத்து டிரம்கள் போடுகிற சத்தத்தில் உள்ளிருந்து கத்தினாலும் கேட்காது. அதனால் வெளியே வெல்டிங் மிஷின் சுவிட்சில் நிற்கிற எனக்கும் அவனுக்கும் ஒரு ஏற்பாடு. சுத்தியால் பலகையில் ஒரு தட்டு தட்டினால் வெல்டிங் ராடு மாத்தப்போறேன், கரண்ட்டை நிறுத்து. ரெண்டு தட்டு என்றால் போடு. ஈரத்தில் செய்கிற வேலை, உயிரே அந்தத் தட்டில்தான் இருந்தது.

அன்றைக்கு விடாத மழை. டிரம்முக்குள் உப்புத்தண்ணி இன்னும் வடியவில்லை. சரக்கு போகணும் என்று மேஸ்திரி தலைக்கு மேல் நின்றார். இவன் ஒரு பச்சைத்தோலை இழுத்து உள்ளே விரித்துக்கொண்டான். வெல்டருக்குக் கையுறையே தோலில்தானே தைக்கிறார்கள், தோல் கரண்ட்டை விடாது என்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. காய்ந்த தோலுக்கு அது சரி. உப்பில் ஊறின தோலில் உட்கார்ந்தால் தண்ணியில் உட்கார்ந்த மாதிரிதான். எலக்ட்ரீஷியன் எனக்கு அது தெரியாதா? தெரியும். "இன்னா பேஜார்டா இது, சீக்கிரம் முடி" என்றுதான் சொன்னேன்.

ரெண்டு தட்டு வந்தது. சுவிட்சைப் போட்டேன். கதவு வழியாக நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்து நின்றது. ஒரு தட்டுக்குக் காத்திருந்தேன். ரெண்டு வந்தது. போட்டுத்தானே இருக்கு என்று எரிச்சலாக வந்தது. மறுபடி ரெண்டு. மறுபடி ரெண்டு. ஒரே வேகத்தில், மூச்சு வாங்காமல். கிண்டல் பண்றான் என்று நினைத்து நானும் வெளியிலிருந்து ரெண்டு தட்டினேன். அது நிற்கவில்லை.

அப்புறம்தான் உள்ளே இருட்டாக இருப்பது உறைத்தது. பற்றவைக்காமல் எதற்கு இவ்வளவு கரண்ட் கேட்கிறான்? சுவிட்சை இறக்கினேன். தட்டும் அதே நொடியில் நின்றது.

கதவுக்குள் தலையை விட்டேன். தோல் மேல் மல்லாந்து கிடந்தான். ராடு பிடிக்கிற ஹோல்டர் நெஞ்சில், சுத்தி கையில். கரண்ட் உதறின உதறலில் கைதான் பலகையில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பல் தெரிந்தது. சிரிக்கிறான் என்றே ஒரு கணம் நம்பினேன், அப்படி நம்பத்தான் எனக்கு ஆசை. ஜீப்பில் வேலூருக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் அவன் வீட்டுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பக்கத்துலதானே இருந்தீங்கண்ணா. அவர் உங்களக் கூப்பிடவே இல்லையா?"

"இல்லம்மா" என்றேன்.

கூப்பிட்டான். நான் பதிலுக்குத் தட்டிக்கொண்டு நின்றேன்.