காறை எலும்பும் ஒரு பழஞ்சட்டையும்

வாய்மை பலவகைப்படும். பிறர் கண்டுபிடித்த பிழையை ஒப்புக்கொள்வது அதன் எளிய வகை. எவர் கண்ணிலும் படாத தன் கைப்பிழையை, சொன்னால் பிழைப்பே அற்றுப்போகும் என்று அறிந்தும், தானே வாய்திறந்து உரைப்பது அதன் அரிய வகை. அவ்வரிய வகையைக் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் பலரறிய வாழ்ந்து காட்டியவள் மதலேனம்மாள்.

கம்பைநல்லூருக்கு மேற்கே, கிறித்தவ உழவர்கள் சிலர் வாழ்ந்த தெருவில் அவள் வீடு. கணவர் யாகப்பன் மறைந்தபின் மகள் ராஜமேரியோடும் மருமகனோடும் இருந்தாள். சுற்றுப்புற ஊர்களில் பேறு பார்ப்பதே அவள் தொழில். சமயம் பாராமல் அழைப்பார்கள். வெயில் மழை பாராமல் நடந்தே போவாள். விளக்கெண்ணெய்ப் புட்டி, நூல், புதுப் பிளேடு, செபமாலை ஆகியவையே அவள் பையில் இருந்தவை. ஐம்பத்திரண்டாம் வயது வரை அவள் கையில் ஊறு நேர்ந்ததாக ஒரு சொல் எழுந்ததில்லை.

1968 மார்கழித் தொடக்கத்தில், தீர்த்தகிரி என்னும் உழவரின் மனைவி ராஜாமணிக்கு நோவு கண்டது. முன்னிரண்டு மகவும் தங்காத வயிறு அது. காலையில் தொடங்கிய நோவு பிற்பகல் வரை நீண்டது. தலை வெளிவந்தது, தோள் வரவில்லை. குழந்தையின் முகம் நாவற்பழம்போல் கறுத்தது. மதலேனம்மாள் அதன் அக்குளில் விரலைக் கொக்கியாக மாட்டி இழுத்தாள். பிஞ்சு வெண்டைக்காயின் நுனி ஒடிவதுபோல் ஏதோ ஒன்று அவள் விரலுக்குத் தெரிந்தது. மறுகணம் பெண்மகவு அவள் கையில் அழுதது.

வீட்டார் மகிழ்ந்தனர். தீர்த்தகிரியின் தமக்கை சென்னம்மாள், அவ்வீட்டின் சாவிக்கொத்தைத் தன் இடுப்பில் வைத்திருந்தவள், எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள். மதலேனம்மாள் வாயிலும் போட்டாள். அந்த இனிப்போடு அவள் தன் ஐயத்தையும் விழுங்கிவிட்டு வீடு திரும்பினாள்.

மூன்றாம் நாள் மருத்துவச்சியே வந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது அவ்வூர் வழக்கம். கால்களை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே மாற்றி மாற்றி மடித்து நீட்டுவார்கள். அப்படி நீவினால்தான் தோள் அகலும் என்பது நம்பிக்கை. மதலேனம்மாளின் நெஞ்சு வேண்டாம் என்றது. முப்பதாண்டுப் பழக்கம் கையை நடத்தியது. வலக்கையை மடித்தபோது குழந்தை வீரிட்டது. பசியின் அழுகை அன்று அது. அவள் பெருவிரலுக்கடியில், கழுத்தோரத்தில், நறநறவென்று மணல் அரைபட்டதுபோல் இருந்தது.

வெந்நீர்ச் சொம்போடு நின்ற சென்னம்மாள் கேட்டாள்: "ஏன், என்னா?"

சளி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எவரும் ஐயுறார். மதலேனம்மாள் குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு எழுந்தாள்.

"காறை எலும்பு ஒடிஞ்சிருக்குதுங்க. பொறக்கறப்பவே ஒடிஞ்சிது. எங் கையாலதான். அன்னிக்கே சந்தேகம் இருந்துது, சொல்லாம போயிட்டன். இப்பக் குளிப்பாட்டி இன்னும் நோவு குடுத்துட்டன்."

"மூணு நாளா வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள் சென்னம்மாள்.

உள்ளே ராஜாமணி விம்முவது கேட்டது. தீர்த்தகிரி வந்து மகளின் வலக்கையைத் தொட்டுத் தூக்கினார். விட்டதும் அது அவிழ்ந்த கயிறுபோல் விழுந்தது.

"கை வருமா, ஆத்தா?"

"தெரியாதுங்க. தர்மபுரி ஆசுபத்திரிக்கு எடுத்துக்கினு போலாம். நானும் வரன்."

"இவ பேச்சக் கேட்டது போதும்," என்றாள் சென்னம்மாள். "கடத்தூர் பச்சியப்பன் வந்து மூங்கப் பத்தையும் முட்டையும் வெச்சி இறுக்குனான்னா ஒடிஞ்ச எருமைக்காலே நிக்குது."

"எருமைக்கு நெஞ்சு பெருசுங்க. இது மூச்சு விடறதே இந்த நாலு வெரல்கடை நெஞ்சுலதான். அதச் சுத்தி இறுக்குனா மூச்சு எங்க போவும்?"

தீர்த்தகிரி தமக்கையையும் மருத்துவச்சியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார். பேருந்தில் வழி நெடுக, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மதலேனம்மாள் குழந்தையைத் தன் மடியிலிருந்து ஒரு விரற்கிடை உயர்த்திப் பிடித்தாள்.

பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். தளர்ந்த கையின் உள்ளங்கையில் தம் சுண்டுவிரலை வைத்தார். குழந்தையின் விரல்கள் மெல்ல மூடின.

"பெரியவங்களா இருந்தா ரெண்டு தோளையும் பின்னால இழுத்து முதுகுல குறுக்கா பட்டித்துணி கட்டுவோம். எலும்பு தோலைக் குத்திக்கிட்டு வெளிய வந்தா ஆபரேஷன். இதுக்கு ரெண்டும் வேண்டாம். ஒரு முழுக்கைச் சட்டை போட்டு, கையை மடக்கி, சட்டைக்கை நுனியை நெஞ்சோட சேர்த்து ஊக்கு குத்துங்க. குளிப்பாட்டாதீங்க, துடைச்சா போதும். அக்குள்ல கை குடுத்துத் தூக்காதீங்க."

"அவ்வளவுதானுங்களா?" என்றார் தீர்த்தகிரி.

"எலும்பு தானே சேர்ந்துக்கும். கழுத்து நரம்பு இழுபட்டிருந்தாத்தான் கஷ்டம். விரல் பிடிக்குது, அதனால நம்பிக்கை இருக்கு. மூணு வாரத்துல கை தானா மேல எழும்பணும். எழும்பலைன்னா கொண்டு வாங்க."

பிறகு மதலேனம்மாளிடம் திரும்பினார். "ஒடிஞ்சதுக்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். இழுக்கலைன்னா குழந்தையே இல்லை. சந்தேகம் இருந்தும் குளிப்பாட்டினீங்களே, அதுக்குத்தான் சொல்றேன்."

"ஆமாங்க," என்றாள் அவள்.

வீட்டில் புதுத்தடை எழுந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு முன் குழந்தைக்குப் புதிதாய்த் தைத்த துணி போடலாகாது என்றாள் சென்னம்மாள். பழந்துணி போடலாம், ஆனால் பழைய முழுக்கைச் சட்டை அவ்வீட்டில் ஏது? முன் பிறந்த இரண்டு மகவுமே சட்டை போடும் நாள்வரை இருந்ததில்லை. மதலேனம்மாள் தன் வீட்டுக்கு ஓடி, ராஜமேரியின் மகன் போட்டு வளர்ந்த வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தாள்.

"வேதக்காரங்க வூட்டுச் சட்டையா?"

"பையனுக்குத்தானுங்க ஞானஸ்நானம் குடுத்தோம். சட்டைக்குக் குடுக்கலீங்க."

சென்னம்மாளின் உதடு ஒரு பக்கம் கோணியது. சட்டையை வாங்கி உதறிக் கொடுத்தாள்.

அன்று முதல் மதலேனம்மாள் நாளும் வந்தாள். ஊக்கு சரியாக உள்ளதா என்று பார்ப்பாள். கையை மட்டும் தொடமாட்டாள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அவளுக்குப் பெருந்துன்பமாயிற்று. பிடித்து இழுத்து, தேய்த்து, கட்டிப் பழகிய கைகள் வெறுமனே மடியில் கிடந்தன. ஊரில் பேச்சு பரவிவிட்டது. அம்மாதம் அவளை எவரும் பேற்றுக்கு அழைக்கவில்லை. அவளும் அதை எண்ணவில்லை. செபமாலையை உருட்டும்போதும் அந்தச் சிறுகையே கண்முன் தொங்கியது.

பத்தாம் நாள் காலை, ஒடிந்த இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு எழுந்திருந்தது. ராஜாமணிதான் முதலில் கண்டாள். சென்னம்மாள் உடனே கடத்தூருக்கு ஆளனுப்பினாள்.

"எலும்பு கோணிக்கினு வந்துட்டுது. இன்னம் என்னா பாக்கறது?"

தீர்த்தகிரி மதலேனம்மாளிடம் கேட்டார்: "இது நல்லதா, கெட்டதா? நீ நல்லதுன்னு சொன்னீன்னா பச்சியப்பனத் திருப்பி அனுப்பறன்."

நல்லது என்று ஒரு சொல் சொன்னால் கட்டுப்போடுவது நின்றுவிடும். குழந்தையின் மூச்சு காக்கப்படும். அச்சொல் அவள் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் ஒருமுறை மறைத்ததன் பயனை அவள் கண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டரம்மா இதப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் போயி கேட்டுக்கினு வந்துடறன். அதுவரைக்கும் கட்ட வேணாம்."

தீர்த்தகிரி பேருந்துக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். "போயிட்டு வா. நீ வர்றவரைக்கும் கட்டமாட்டாங்க."

அன்று கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாள். தெருவில் காகித விண்மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன. மகளிடம் ஒரு சொல் மட்டும் சொல்லிவிட்டு அவள் பேருந்து ஏறினாள். பொழுது சாயத் திரும்பி, நேரே தீர்த்தகிரி வீட்டுக்கு நடந்தாள். வாசலில் பச்சியப்பன் அமர்ந்திருந்தார்; பக்கத்தில் மூங்கிற் பத்தைகளும் உளுந்துமாவும் நான்கு முட்டைகளும் இருந்தன.

"அது புது எலும்பாம். ஒடிஞ்ச எடத்துல சேத்த அப்புன மாதிரி சுத்தி வளருமாம். ஒரு வருசத்துல கரைஞ்சிடுமாம்," என்றாள் மூச்சுவாங்க.

பச்சியப்பன் முடிச்சை நோகாமல் தடவினார். "மனுசாளுக்கும் மாட்டுக்கும் இப்பிடித்தான் முடிச்சு வுழும். அது சரிதான். ஆனா கை அசையலியே?"

பத்தைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். "பாலு குடிக்கற நெஞ்சுல கட்டறதுக்கு எனக்கும் மனசு இல்ல. மூணு வாரம் முடியட்டும்."

பதினோராம் நாள் கழிந்தது. பதினைந்தும் கழிந்தது. இடக்கை காற்றை அளைந்தது. வலக்கை சட்டைக்குள் உறங்கியது. பத்தொன்பதாம் நாள், மதலேனம்மாள் ஈரத்துணியால் குழந்தையின் முகத்தைத் துடைக்க வந்தாள். ஊக்கைக் கழற்றிச் சட்டைக்கையை விடுவித்தாள். ஈரம் கன்னத்தில் பட்டதும் குழந்தை முகம் சுளித்தது. வலக்கை சற்றே அசைந்தது, நின்றது, பின் முழங்கை மடங்க, மூடிய விரல்களோடு, அவள் முகத்துக்கு நேரே எழுந்தது.

சென்னம்மாள்தான் முதலில் வாய்திறந்தாள்.

"பாத்தியா மதலேனா, எம் மருமவ உன்ன அடிக்கத்தான் மொதல்ல கைய ஓங்கறா."

"அடிக்கட்டுங்க," என்றாள் மதலேனம்மாள். துணி அவள் கையிலிருந்து நழுவியது.

அடுத்து வந்த மாசியிலேயே சென்னம்மாள் தன் உறவுப்பெண்ணின் பேற்றுக்கு அவளைத் தானே வந்து அழைத்துப்போனாள். அதன்பின் எட்டாண்டு அவள் பேறு பார்த்தாள். தோள் சிக்கிய குழந்தை எதுவாயினும், தொப்புள்கொடி அறுக்குமுன்னே வீட்டாரை அழைத்து, காறை எலும்பைத் தடவிக்காட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். அந்த வெள்ளைச் சட்டை வேறு இரு வீடுகளுக்கும் போய்த் திரும்பியது.

பிறர் மகவின் மூச்சுக்காகத் தன் பெயரை ஈடுவைத்த அவள் மனையில் தொட்டில் ஆடுக. ராஜமேரியின் மக்களும் அவர்தம் மக்களும் தோள்வலிமையும் வாய்மையும் குன்றாது வாழ்க. அவ்வீட்டு விளக்கை இறைவன் தன் கையாலேயே காத்தருள்க.