சுகுமாரனுக்குக் கிடைத்த நாற்காலி

பீடோங் வட்டாரத்தில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் சுகுமாரனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இத்தனை வருடத்தில் தன்னைப் பார்த்து ஒருவரும் ‘உட்காருங்கள்’ என்று சொன்னதில்லை என்பது அவருடைய மனக்குறை. குறை பொய்யில்லை. அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீட்டுக்காக நடையாய் நடந்தார். அரசாங்க அலுவலகத்தில் நிற்க வைத்தார்கள். நம்மவர்கள் கட்சி என்று நம்பி ஒரு கட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கேயும் நிற்க வைத்து, கிளம்பும்போது ஒரு காலண்டர் கொடுத்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அரிசிப் பையும் எண்ணெய்ப் போத்தலும் வந்தன. கடைசியில் வீடும் வந்தது, முதல் மழைக்கே ஒழுகியது.

ஆக, கோபம் நியாயமானது. அதைக் கொண்டுபோய் எந்தச் சாக்கடையில் கொட்டினார் என்பதுதான் கதை.

தாயக எழுச்சிக் கட்சி என்று ஒன்று முளைத்திருந்தது. அதனிடம் கொள்கை என்று பெரிதாக எதுவும் கிடையாது. எவனோ ஒருவன் வந்து உன் சோற்றைப் பிடுங்குகிறான், அவனைத் துரத்து, இவ்வளவுதான். அந்த ‘எவனோ’ ஊருக்கு ஊர் மாறுவான். பீடோங்கில் முதலில் வங்காளதேசிகள் அகப்பட்டார்கள். சுகுமாரனுக்கு அது சர்க்கரையாய் இனித்தது. அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுத் தொழிலாளிகள். அவர்கள் ஏறுவதால்தான் தனக்குச் சம்பளம் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. தன் பாட்டன் கப்பலில் வந்து இறங்கியவன் என்பதும் வசதியாக மறந்துபோனது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்; இந்த ஆடு ஓநாய்க்குக் குடை பிடிக்கக் கிளம்பியது.

கட்சிப் பேச்சாளர் ஒருவரை, வெறுப்பைக் கிளப்பினார் என்று போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. உடனே கட்சிக்குப் பேச்சுச் சுதந்திரத்தின் மேல் காதல் பிறந்துவிட்டது. ‘பேச விடு’ என்று மலாயில் எழுதிய கறுப்புச் சட்டைகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். சுகுமாரன் அதைத் துவைக்கக்கூட விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தார்.

“மனசுல பட்டத சொல்றான், அதுல என்னா குத்தம்? இந்த நாட்ல வாயவே தொறக்கக் கூடாதா லா?” என்று டீக்கடையில் உட்கார்ந்து முழங்குவார்.

அதே வாரம் அவருடைய மைத்துனன் சிவநேசன், கட்சியைக் கிண்டல் செய்து முகநூலில் இரண்டு வரி எழுதினான். சுகுமாரன் போன் போட்டார். “மரியாதையா அழிச்சிரு. இல்லாட்டி போலீஸ் ரிப்போர்ட் பண்ணிருவேன்.”

அவர் மனைவி குணசுந்தரி கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். “சுதந்திரம் ஒங்க வாய்க்கு மட்டுந்தானா?” என்று கேட்டாள்.

“ஒனக்கு அரசியல் தெரியாது,” என்றார் சுகுமாரன். தெரிந்தவர் பேச்சு அப்படி.

ஒருநாள் கட்சியின் மாவட்டத் தலைவரே வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார், ஒழுகும் கூரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பழைய தோட்டத்துத் திடலில் செராமா, அதாவது பிரசாரக் கூட்டம், நடத்தப்போகிறோம், மேடையில் முன்வரிசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம் என்று மலாயில் சொன்னார். நாற்காலி என்றதும் சுகுமாரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கங்கெட்ட கண். கூட்டத்துக்கு நல்ல மைக் செட் வேண்டும் என்று தலைவர் தலையைச் சொறிந்தபோது, நான் தருகிறேன் என்று முந்திக்கொண்டார்.

அது அவருடைய மைக் செட் இல்லை. திடலை ஒட்டி நிற்கும் முனீஸ்வரர் கோயிலுடையது. சுகுமாரனின் அப்பா முனியாண்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிக் கொடுத்தது. ஒலிபெருக்கிக் குழாய்களில் சிவப்புச் சாயத்தில் ‘உபயம்: முனியாண்டி குடும்பத்தார்’ என்று எழுதியிருக்கும். சாமிக்குக் கொடுத்த பொருளைத் திருப்பி நம்முடையது என்று சொல்லக் கூடாது என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். சுகுமாரன் கோயில் தலைவர் நடராஜாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கப்பா உபயம்தானே என்று கோயில் சாமான் அறையின் சாவியை எடுத்துத் திறந்து, எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

செராமா அன்று சாயங்காலம் கறுப்புச் சட்டையோடு மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கட்சியின் மாவட்டத் தலைவர் முதலில் வங்காளதேசிகளைத் திட்டினார். சுகுமாரன் தட்டினார். பிறகு மியன்மார் அகதிகளைத் திட்டினார். சுகுமாரன் இன்னும் பலமாகத் தட்டினார். அடுத்து தலைவர், பட்டா இல்லாமல் மரத்தடிக்கு மரத்தடி நிற்கிற கோயில்களை ஒன்று விடாமல் இடித்துத் தள்ள வேண்டும் என்றார். அப்பாவின் பெயர் எழுதிய குழாயிலிருந்துதான் அதுவும் வந்தது.

சுகுமாரனுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. கை அந்தரத்தில் நின்றது. மேடைக்குப் பின்னால் முனீஸ்வரரின் சூலம் தெரிந்தது. அந்தக் கோயிலுக்கும் பட்டா கிடையாது. இவர் நம் கோயிலைச் சொல்லவில்லை, கோலா கெத்தில் பக்கம் ரோட்டோரத்தில் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர்கள் கோயிலைச் சொல்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தலைவர் திரும்பி அவரையே பார்த்தார். கூட்டமும் பார்த்தது. உட்காரச் சொன்னவர்களுக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? தட்டினார்.

மறுநாள் அந்தக் காட்சி எல்லார் கைப்பேசியிலும் ஓடியது.

கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டு நடராஜா பல வருடமாக அலைந்துகொண்டிருந்தார். தோட்டத்து நிலத்தை வாங்கிய நிறுவனம் ஏறக்குறைய சம்மதித்திருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் போனபோது நிறுவனத்தின் ஆள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். உங்கள் ஆளே இடிக்கச் சொல்லிக் கைதட்டுகிறாரே, பிறகு யாருக்கு மனம் நோகும் என்று கேட்டான். மாற்று நிலம் கிடையாது, திருவிழா முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடுங்கள் என்று பேச்சை முடித்துவிட்டான்.

செய்தி கேட்டதும் சுகுமாரன் கட்சி அலுவலகத்துக்கு ஓடினார். அடுத்த செராமாவில் இரண்டு நிமிடம் பேச விடுங்கள், எங்கள் கோயில் அப்படிப்பட்டதில்லை என்று நானே சொல்கிறேன் என்றார். தாராளமாக, நம் கட்சி பேச்சுச் சுதந்திரத்துக்காகவே பிறந்த கட்சி ஆயிற்றே என்று தலைவர் தோளில் தட்டினார்.

பெண்டாங்கில் அந்தச் செராமா. மைக் செட்டை மறுபடியும் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அதே முன்வரிசை, அதே நாற்காலி. எல்லாரும் பேசினார்கள். இளைஞர் பிரிவு, மகளிர் பிரிவு, பக்கத்து ஊர்க் கிளைத் தலைவன், தொடக்கத்தில் துவா ஓதியவன்கூட ஏதோ பேசினான். கடைசியில் சுகுமாரன் எழுந்து மைக்கிடம் போய் “ஹலோ” என்றார். சத்தம் வரவில்லை. எவனோ சுவிட்சை அணைத்திருந்தான்.

“அடுத்த தடவை பார்ப்போம், பாங்,” என்று அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார் தலைவர். “கோயில் விஷயம் சென்சிடிஃப். இதையெல்லாம் பொதுவில் பேசக் கூடாது.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். சூனியக்காரனுக்கு வண்டி வைத்து அழைத்து வந்தவர் இவர் ஒருவர்தான். அன்று மைக் செட்டை அவரே கழற்றினார், அவரே தூக்கினார். ஒரு கறுப்புச் சட்டைகூடக் கை கொடுக்கவில்லை.

அந்தத் திடலில் கடைசித் திருவிழா நடந்தது. சுகுமாரன் மைக் செட்டோடு தலையைக் குனிந்துகொண்டு வந்து இறங்கினார். நடராஜா திட்டவில்லை. குழாய்களைக் கட்டச் சொன்னார், சுவிட்சைப் போட்டார், மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு நடுவில் அதை சுகுமாரனிடம் நீட்டினார்.

“பேசு சுகு. அங்கதான் ஒன்ன விடல. இங்க யாரும் அணைக்க மாட்டோம். ஒங்கப்பா குடுத்த மைக்கு.”

சுகுமாரன் வாங்கிக்கொண்டார். ஜனம் முழுவதும் அவரைப் பார்த்தது. தொண்டையைச் செருமினார்.

“அவங்க சொன்னது நம்ம கோயில இல்ல,” என்றார். குழாய் அதை எண்ணெய்ப்பனைக் காடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பொங்கல் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த குணசுந்தரி விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அப்ப யாரு கோயிலுக்குத் தட்டுனீங்க?”

மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. சுகுமாரன் மூச்சு விடுவதுகூடக் குழாயில் கேட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் வாசலில் காலி நாற்காலிகள் நிறையக் கிடந்தன. உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.