தமிழ்ல எழுதினா ஒளிச்சு வெச்சதாம்

பீங்கான் வேலையில தப்பு பண்ணினா சூளை மறுநாளே காட்டிக் குடுத்துடும். ஆட்-ஆன் எழுதுற வேலையில தப்பே பண்ணாட்டியும் மூணு வாரம் கழிச்சு மெயில் வரும். விருத்தாசலத்துல பகல் முழுக்க ஃபியூஸ் கட்டைக்கு அச்சு எடுக்குறவன் நான். சாயந்திரம் ஆசைக்கு, பிரவுசரோட ஒட்டிக்கிட்டு வேல செய்யுற குட்டி புரோகிராம், அதான் ஆட்-ஆன், எழுதுறேன். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. நீங்களும் இந்தக் கேஸுன்னா பக்கத்துல வந்து உக்காருங்க.

தெனமும் காணாம போற சாமான்

மங்கலம்பேட்டையில பர்வீன் அக்கா ஒரு ஆன்லைன் சென்டர் வெச்சிருக்காங்க. பாஸ்போர்ட், விசான்னு வர்ற ஃபாரமெல்லாம் இங்கிலீஷ். அக்கா பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். கல்ஃப்லேருந்து ஒரேயடியா திரும்பி வந்த அவங்க வூட்டுக்காரரோட அண்ணன், "இங்கிலீஷ் தெரியாம உனக்கு இங்க என்ன வேல, நான் பாத்துக்கறேன்"னு அந்த நாற்காலி மேல கண்ணு வெச்சிருந்தாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. வார்த்தை மேல மவுஸ வெச்சா தமிழ் அர்த்தம் காட்டுற மாதிரி ஒரு ஆட்-ஆன் எழுதிக் குடுத்தேன்.

ஆனா பிரவுசர் கம்பெனி நடத்துற ஸ்டோர்ல ஒப்புதல் வாங்காத ஆட்-ஆனை, மூடினதும் பிரவுசர் தூக்கிப் போட்டுடும். தெனம் காலையில திரும்ப ஏத்தணும். நடுவுல கரண்ட் போனா மறுபடியும் ஏத்தணும். அக்கா ஒரு வாரம் பொறுத்துப் பாத்தாங்க. "தம்பி, புதுசா பொறந்த புள்ள மாதிரி தெனம் ஒரு தடவ இதுக்குப் பேரு வெச்சிக்கிட்டிருந்தா நான் எப்ப கட பாக்குறது?"

எதையும் எடுக்கல சாமி

சரின்னு ஸ்டோருக்கு அனுப்பினேன். பயன்படுத்துறவங்க விவரத்த என்ன பண்றேன்னு கேட்டுத் திரும்பி வந்துச்சு. ஒண்ணுமே எடுக்கலன்னு எழுதினேன். அதைத் தனியா ஒரு இணையப் பக்கத்துல போட்டு லிங்க் குடுன்னாங்க. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு பக்கம் கட்டி அனுப்பிட்டு, எங்க சூளை மேஸ்திரி ஆரோக்கியம் அண்ணன்கிட்ட டீக்கடையில பொலம்பினேன். அவரு குடிச்ச கிளாஸ வெச்சிட்டுச் சொன்னாரு: "எடுக்காதவன்கிட்டயே இம்மாங் கேள்வின்னா, எடுக்குறவன் எப்புடிடா உள்ள போனான்?"

விரல் வெச்சுப் படிச்சது

அடுத்த மெயிலப் பாத்ததும் ரத்தம் கொதிச்சுது. நான் புரோகிராம்ல வெக்கிற பேரெல்லாம் தமிழ்தான்: வார்த்தை, அர்த்தம், காட்டு, மறை. கம்ப்யூட்டர் ஒத்துக்குது, ஸ்டோர்காரங்க ஒத்துக்கல. யாருக்கும் புரியக் கூடாதுன்னு வேணும்னே ஒளிச்சு எழுதினதுன்னு சொல்லி நிராகரிச்சுட்டாங்க. மாத்த மாட்டேன் போடான்னு லேப்டாப்ப மூடிட்டு மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அங்க போனா நாற்காலியில அக்காவோட மச்சான், அந்த கல்ஃப் அண்ணன்தான், உக்காந்திருக்காரு. தெனம் ஆட்-ஆன் ஏத்திச் சலிச்சுப்போன அக்கா ஓரமா நின்னு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருந்தாங்க. என் வீராப்பெல்லாம் எறங்கிடுச்சு. "எல்லாப் பேரையும் இங்கிலீஷாக்கிடறேங்க்கா, ஒரு மணி நேர வேலதான்"னு லேப்டாப்பத் திறந்தேன். அக்கா குனிஞ்சு, திரையில விரல் வெச்சு ஒவ்வொண்ணா படிச்சாங்க. "எனக்கே புரியுது தம்பி, ஒண்ணையும் மாத்தாதீங்க."

பெஞ்சு

மாத்தல. ஒவ்வொரு தமிழ்ப் பேருக்கும் நேரா இங்கிலீஷ் அர்த்தம் போட்டு ஒரு பட்டியல் தயார் பண்ணினோம். மச்சான் சாப்பிடப் போன நேரமா பாத்து அக்காவே டைப் அடிச்சாங்க. மேல நான் இங்கிலீஷ்ல ஒரு வரி சேத்தேன்: இது ஒளிச்சது இல்ல, தமிழ்; படிக்கத் தெரியலன்னா கேளுங்க, சொல்லித் தரோம். ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு. ரெண்டு தடவையும் ஒரு எழுத்து மாத்தாம திரும்ப அனுப்பினேன். மூணாவது தடவ வேற யாரோ பாத்திருக்கணும், ஒப்புதல் வந்துடுச்சு.

ஆட்-ஆன் நிலையா நின்ன அன்னிக்கே அக்கா நாற்காலியத் திரும்ப வாங்கிட்டாங்க. மறுவாரம் நான் போனப்ப மச்சான் ஒரு இன்சூரன்ஸ் ஃபாரத்தோட வாசல்ல நிக்கிறாரு. அதுல பாதி வார்த்தை அவருக்கே புரியலையாம். அக்கா திரையிலேருந்து கண்ண எடுக்கல. "பெஞ்சுல உக்காருங்க மச்சான், உங்களுக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க."

ஆட்-ஆனோட அடுத்த திருத்தத்தையும் அதே தமிழ்லதான் அனுப்பியிருக்கேன்; ஸ்டோர்காரங்க நிராகரிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னும் பத்து வார்த்தை சேத்துடுவேன்.